ராவுவதற்கு விட்ட உயரம்

அவளுக்குப் பேரம் பேசத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. காய்கறிக் கடையில் அவள் தலை தெரிந்தாலே கடைக்காரர் பெருமூச்சு விட்டு, குறைத்த விலையையே முதலில் சொல்லிவிடுவார். ஆனால் சொந்த உழைப்புக்கு விலை சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஊரார் வாய்க்கெல்லாம் பல் கட்டித் தருகிறவளுக்குத் தன் வாயைத் திறக்க வராது என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். கேலிதான், ஆனால் பொய்யில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு பல் லேபில். டாக்டர்கள் நோயாளியின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதை வைத்துப் பல் செட்டும், உடைந்த பல்லின் மேல் போடும் மூடியும் செய்து கொடுக்க வேண்டும். லேபில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. செட்டை முதலில் மெழுகில் நிறுத்தி அனுப்புவாள். டாக்டர் அதை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, இங்கே இடிக்கிறது, அங்கே சாய்ந்திருக்கிறது என்று சீட்டு எழுதித் திருப்பி அனுப்புவார். ஒரு முறையாவது திரும்பி வராத வேலையை அவள் கண்டதில்லை. அதனால் எதைச் செய்தாலும் மயிரிழை உயரமாகவே விடுவாள். உயரம் கூடினால் அரத்தால் தேய்த்து ராவிக்கொள்ளலாம், குறைந்தால் எதைக் கொண்டுபோய் ஒட்டுவது?

வீட்டுக்காரருக்கு ஒரு கிடங்கில் இரவுக் காவல். அவள் காலையில் டிபன் டப்பாவை மூடும்போது அவர் கண் சிவக்க உள்ளே வருவார். அவள் மாலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்வதற்குள் அவர் கிளம்பியிருப்பார். சாப்பிட்ட தட்டு கழுவிக் கவிழ்த்திருக்கும். அவருக்கு வார விடுமுறை ஒரு நாள், இவளுக்கு வேறொரு நாள்; அன்றைக்கு அவர் பகலெல்லாம் தூங்கி எழுந்து அவசரமாகக் கிளம்புவார். அவருடைய விடுமுறை நாளில்கூட இவள் வந்து சேர்வதற்குள் சோபாவில் தூங்கி வழிந்துகொண்டிருப்பார். கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் எதிரெதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்ட வேளைகளை எண்ணச் சொன்னால் சண்டைதான் வரும்.

இப்படியிருக்கும்போது ஒரு புது லேபிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய லேப், புது மெஷின்கள். அதன் முதலாளி, ஒரு பல் டாக்டரம்மா, அவள் கைவேலையை எங்கேயோ பார்த்துவிட்டு வந்து பேசச் சொல்லியிருந்தார். அவளுக்குச் சம்பளம் கூடினால் சந்தோஷம்தான், யாருக்குக் கசக்கும்? ஆனால் அவள் மனசில் இருந்தது வேறு. நாலு மணிக்கு விட்டால் போதும். ஐந்துக்குள் வீடு. அவர் ஆறு மணிக்குத்தான் கிளம்புவார். நடுவில் ஒரு மணி நேரம், இரண்டு தட்டு. இதைப் போய் எந்த முதலாளியிடம் எப்படிக் கேட்பது?

நாத்தனாரிடம் யோசனை கேட்டாள். நாத்தனார் ஒரு ஆபீஸில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருப்பவள். இந்த மாதிரி விஷயத்தில் அவள் வாயை அடைக்க ஊரில் ஆள் கிடையாது.

“நேரத்தைப் பத்தி முதல்லயே பேசாதீங்க அண்ணி, பலவீனம்னு நினைச்சுப்பாங்க. கூட்டி ஒரு தொகை சொல்லுங்க. சொல்லிட்டு வாயை மூடிக்கோங்க. அவங்க குறைப்பாங்க. குறைக்கும்போது, சரி, அப்ப நாலு மணிக்கு விடுங்கன்னு பிடிச்சுக்கோங்க.”

இது அவளுக்குப் பளிச்சென்று புரிந்தது. இதைத்தானே தினமும் செய்கிறோம்! உயரமாக விடு, அவர்கள் ராவட்டும், ராவுகிற சாக்கில் சரியாக உட்கார வைத்துவிடு. இப்போது வாங்குவதைப்போல ஒன்றரை மடங்கு என்று முடிவு செய்துகொண்டு, கண்ணாடி முன்னால் நின்று நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தாள். சொல்லி முடித்து வாயை மூடுவதையும் சேர்த்துப் பழகினாள்.

டாக்டரம்மாவின் அறையில் ஒரு மேஜை, ஒரு ஜன்னல், அலமாரி முழுக்கச் சிரிக்கிற பல் மாதிரிகள். வேலையைப் பற்றி விசாரித்தார், கையை நீட்டச் சொல்லி விரல்களைக்கூடப் பார்த்தார். பிறகு எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அவள் தொகையைச் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. வாயை மூடிக்கொண்டாள்.

“சரி” என்றார் டாக்டரம்மா.

அவ்வளவுதான். ஒரு எதிர்ப்பேச்சில்லை, முகத்தில் ஒரு சுளிப்பில்லை. ஒன்றாம் தேதியிலிருந்து வந்துவிடுங்கள் என்று கைகுலுக்கினார். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோதுதான் நாலு மணி என்ற வார்த்தையே தன் வாயிலிருந்து வரவில்லை என்பது அவளுக்கு உறைத்தது.

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டாள். ஏன் உடனே சரி என்றார்? குறைத்துக் கேட்டுவிட்டோமோ? அந்த லேபில் எல்லோரும் இரண்டு மடங்கு வாங்குகிறார்களோ? இல்லை, ஆள் நிற்காத இடமோ? பணத்தை அள்ளிக் கொடுத்து ராத்திரி வரை பிழிந்தெடுப்பார்களோ? திரும்பி வராத வேலையை எப்படி நம்புவது? கேட்டது கிடைத்தவள் மாதிரி அவள் முகம் இல்லை, பர்ஸைத் தொலைத்தவள் மாதிரி இருந்தது.

நாத்தனாரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவள் முதலில் சபாஷ் என்றாள், அடுத்த மூச்சில் இன்னும் கூட்டிக் கேட்டிருக்கலாம் என்றாள். நேரத்தைப் பற்றி என்ன செய்வது என்று கேட்டதற்கு, சேர்ந்து ஆறு மாதம் கழித்துப் பேசிக்கொள்ளலாம் என்று கூலாகச் சொன்னாள். அவளுக்கென்ன, அவள் புருஷன் அஞ்சரைக்கு வீட்டில் இருப்பான்.

அன்றைக்கு அவள் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை. எதற்காக இந்த வேலைக்குப் போனோமோ அதுவே கைவிட்டுப் போயிருந்தது. பணம் வந்தது, சாயங்காலம் போனது. வீட்டுக்காரரிடம் காலையில் சொன்னாள். அவர் தூக்கக் கலக்கத்தில், “நல்ல சம்பளம்தானே, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். நாலு மணி விஷயத்தை அவரிடமும் அவள் சொல்லியிருக்கவில்லை. கிடைத்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

மறுபடியும் டாக்டரம்மாவைப் பார்க்கப் போனாள். உலகத்தில் யாரும் செய்யாத காரியம் அது: சம்பளத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கப் போனது. பேசிய தொகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். உடம்பு சரியில்லையா, வேறு எங்கேயாவது சேரப் போகிறீர்களா, என்ன சிக்கல் என்று துருவினார்.

“சிக்கல் ஒண்ணுமில்ல மேடம். நாலு மணிக்கு விட்டுடுங்க. அதுக்காகத்தான். அவர் ராத்திரி வேலைக்குப் போறவர். போறதுக்கு முன்னாடி ஒரு வேளை சேர்ந்து சாப்பிடணும்.”

சொன்ன பிறகு காது மடல் சுட்டது. டாக்டரம்மா குழம்பிப்போய், “இங்க எல்லாருக்குமே நாலு மணிதான். அதுக்கு மேல மெஷின்தான் ஓடும், ஆளுக்கு என்ன வேலை?” என்றார்.

அவள் சும்மா கிடைப்பதற்கு விலை கொடுக்க வந்திருக்கிறாள். டாக்டரம்மாவும் சும்மா விடவில்லை, புன்னகையோடு, “அப்ப சம்பளம் எது? முதல்ல சொன்னதா, இப்ப சொன்னதா?” என்று கேட்டார்.

கண்ணாடி முன்னால் இதற்குப் பழகியிருக்கவில்லை. ஆனாலும் வாய் தானாகத் திறந்தது.

“முதல்ல சொன்னதுதான் மேடம். இப்ப சொன்னது உங்களுக்கும் எனக்கும் தேவைப்படல.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். முதல் தொகையே நின்றது. அது கூடுதலா குறைச்சலா என்ற சந்தேகம் மட்டும் அவளுக்கு இன்றுவரை தீரவில்லை. தீர்த்துவைக்க டாக்டரம்மாவும் முன்வரவில்லை.

பழைய முதலாளியிடம் சொல்வது பாக்கி இருந்தது. அவர் கோபப்படுவார் என்று பயந்துகொண்டே போனாள். மெழுகு வாடை அடிக்கும் அந்தச் சின்ன அறையில், அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டார். எவ்வளவு தருகிறார்கள் என்றுகூடக் கேட்கவில்லை. இங்கே என்ன குறை என்று மட்டும் கேட்டார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது, அவள் உள்ளதைச் சொன்னாள்.

“நாலு மணிக்குப் போகணும்னா?” அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “சீக்கிரம் வந்து வேலையை முடிச்சுட்டுப் போயிருக்கலாமேம்மா. நீ ஒரு நாளும் கேட்டதில்லையே.”

கேட்டிருந்தால் விட்டிருப்பாரா, போகிறவளிடம் பேச்சுக்குச் சொல்கிறாரா? அவர் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடவில்லை. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அப்படியானால் இன்றைக்கே சீக்கிரம் கிளம்பு என்றார். அது வாழ்த்தா குத்தலா என்பதும் பிடிபடவில்லை.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது வீட்டுக்காரர் காவல் சட்டைக்குப் பித்தான் போட்டுக்கொண்டிருந்தார். பகல் வெளிச்சத்தில் அவளை வாசலில் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சு என்று பதறினார். ஒன்றுமில்லை என்று உட்கார வைத்து, இரண்டு தட்டு எடுத்து வைத்துப் பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். புது லேபில் எல்லோருக்கும் நாலு மணி என்பதை, பழையவர் சொன்னதை, கேட்காமலே போன வருஷங்களை.

“எல்லாம் என் முட்டாள்தனம்ங்க. வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டிருந்தா இத்தனை நாள் நீங்க தனியா சாப்பிட்டிருக்க வேண்டாம்.”

அவர் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று அவள் கேட்க வாயெடுத்தாள். அவர் தலை நிமிரவில்லை.

“கிடங்குல பகல் டியூட்டியும் இருக்கு. எனக்கப்புறம் வந்தவங்கெல்லாம் கேட்டு வாங்கிட்டாங்க. எனக்குத் தரமாட்டாங்கன்னு நானே நினைச்சுக்கிட்டேன். ஒரு நாளும் கேக்கல.”

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல், அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோற்றை வைத்தாள்.