உருண்டை முனைக் கத்தி

என் தாடையின் நடுவில் ஒரு குழி உண்டு. பட்டாணி ஒன்றை வைத்தால் விழாமல் நிற்கும். கல்யாணமான புதிதில் என் மனைவி வைத்தே பார்த்திருக்கிறாள். அந்தக் குழி ஐந்து மாதமாகத் தாடிக்குள் காணாமல் போயிருந்தது. அவள் முழுகாமல் இருந்தாள். மனைவி அப்படி இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி படக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஆகவே திருப்பூரில் ஒரு வாலிபன் தாடியோடு திரிந்தால், ஒன்று அவன் சாமியார், இல்லாவிட்டால் வீட்டில் விசேஷம். என் மூஞ்சியைப் பார்த்து யாரும் சாமியார் என்று சந்தேகப்படவில்லை.

பனியன் கம்பெனியில் எனக்குக் கட்டிங் வேலை. பிரசவச் சேதி வந்ததும் சலூனில் காத்துக் கிடக்காமல் நானே மழித்துக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டும் என்று திட்டம் போட்டிருந்தேன். குழந்தை முதன்முதலில் கரடி முகத்தைப் பார்க்கக் கூடாது என்பது அவள் கட்டளை. சேஃப்டி ரேசர் வாங்கு என்று கூட வேலை செய்தவர்கள் சொன்னார்கள். பிரசவத்துக்குள் பத்து மாதம் வளர்ந்துவிடும் தாடியில் அது அடைத்துக்கொள்ளும் என்று வாதாடினேன். உண்மையில் அது திமிர். நாளெல்லாம் மடிப்பு மடிப்பாகத் துணியைக் கத்தரிக்கிறவனுக்குத் தன் கன்னம் எம்மாத்திரம்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகளுக்குக் கத்தரி விற்கும் பாய் கடைக்கு மனைவியும் நானுமாகப் போனோம். பாய் மூன்று சவரக் கத்திகளை விரித்து வைத்தார். நான் எடுத்தது அகலமான, கூர் முனைக் கத்தி. கையில் பிடித்ததும் நானே எனக்குப் பெரிய ஆளாகத் தெரிந்தேன். பையிலிருந்து பனியன் துணித் துண்டு ஒன்றை எடுத்து, நான்காக மடித்து, கூர் பார்க்கப் போனேன். எங்கள் தொழிலில் அப்படித்தான் பார்ப்போம்.

"ஏனுங்க தம்பி, இதுல பனியன் வெட்டப் போறீங்களா, சவரம் பண்ணப் போறீங்களா?" என்றார் பாய்.

"கூரு பாக்கறனுங்க."

"கழுத்த நாலா மடிச்சுக் குடுங்க, நானே வெட்டிக் காட்டறேன். துணியில வெச்சா கூரு போயிருமுங்க. கை முடியில லேசாத் தொட்டுப் பாருங்க, போதும்."

பிறகு நிதானமாகச் சொன்னார். புதுக் கைக்கு அகலம் வேண்டாம், நடுத்தரம் போதும். கூர் முனை காது மடலைத் தேடிப் போகும். உருண்டை முனை கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும்.

"இவுங்களுக்குத் தாடையில குழி இருக்குதுங்க பாய்," என்றாள் என் மனைவி. "பட்டாணி நிக்கும்."

"அப்ப அங்க தோலை நல்லா இழுத்துப் புடிச்சுட்டு ஓட்டோணுங்க."

அவள் உருண்டை முனைக் கத்தியை எடுத்து, முனையை விரலால் தடவினாள். "இதையே வாங்குங்க. நாளைக்குக் கொழந்தை தவழ்ந்து வந்து எடுத்துப்போட்டா என்ன பண்றது?"

"முனை உருண்டைன்னாலும் கத்தி வெட்டுமே புள்ள."

"வெட்டும். குத்தாதில்லீங்க."

பாய் என்னைப் பார்த்தார். அவரும் கல்யாணம் ஆனவர்தான். கத்தியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

முகத்தைத் தொட முடியாததால் சுரைக்காயில் பழகினேன். பிஞ்சுச் சுரைக்காய்க்கு மெல்லிய முடி இருக்கும். சோப்பு போட்டு, கீறல் விழாமல் வழித்து, அவளிடம் பெருமையாக நீட்டினேன். இரண்டு நாள் குழம்பில் சோப்பு வாசம் அடித்தது.

எங்கள் பக்கத்துச் சீமந்தமான கட்டுச்சோறு விருந்து முடிந்து அவளைச் சேவூருக்கு, அவள் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். நாள் இன்னும் இருக்கும்போதே, ஒரு மத்தியானம் அவளுடைய சித்தப்பா கம்பெனி வாசலில் சைக்கிளோடு நின்றார்.

"பொறந்திருச்சுங்களா?" என்றேன்.

"நீங்க மொதல்ல வாங்க," என்றார்.

கத்தியைப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கே போய்க் கிணற்றடியில் மழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தவன் நான்தான். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பெண் குழந்தை, மூச்சில்லாமல் பிறந்தாளாம். எனக்காகக் காத்திருக்காமல் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டார்கள். நான் பார்க்கவில்லை. என் மனைவி மட்டும் ஒரு தடவை பார்த்திருந்தாள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அழவில்லை. கத்தி பையை விட்டு வெளியே வராமலே திருப்பூர் திரும்பியது.

தாடியை எடுத்துவிடலாம். எடுத்தால் தெருவே கேட்கும், என்ன குழந்தை என்று. எடுக்காத வரையில் ஊரைப் பொறுத்தமட்டில் அவள் இன்னும் முழுகாமல்தான் இருந்தாள். அதனால் விட்டுவிட்டேன். கம்பெனியில் விஷயம் தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. தெரியாத டீக்கடைக்காரர் மட்டும் ஒருநாள், "ஏனுங்க, இன்னும் ஆகலீங்களா? வயித்துல இருக்கறது ஆனைக்குட்டியா?" என்றார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். பழக்க தோஷம்.

மூன்று மாதம் கழித்து அவளை அவள் அப்பா கொண்டுவந்து விட்டார். மறுநாள் காலையில் அவளே தண்ணீர் காயவைத்தாள். காகிதத்தைப் பிரித்துக் கத்தியை என் கையில் கொடுத்தாள்.

"எடுத்துப்போடுங்க," என்றாள். கண்ணாடியை அவளே பிடித்துக்கொண்டாள்.

முதலில் கத்தரியால் குறைத்தேன். பிறகு இடது கன்னம், இரண்டு வெட்டுக்காயம். சுரைக்காய் எவ்வளவு பொறுமையானது என்று அப்போதுதான் புரிந்தது. தாடைக்கு வந்ததும் பாய் சொன்னபடி தோலை இழுத்துப் பிடித்து ஓட்டினேன். நுரை விலகிக் குழி தெரிந்தது. கண்ணாடியில் என் முகம் ஆடியது.

"ஆட்டாம புடி புள்ள."

"அவளுக்கும் இதே குழிதானுங்க," என்றாள்.

கண்ணாடியை மடியில் கவிழ்த்துக்கொண்டு அன்றைக்குத்தான் அழுதாள். கத்தியை வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மீதியை வழிக்காமலே கத்தியை மடக்கிக் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டேன். வேலைக்குப் போக வேண்டுமே. முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு மூலைச் சலூனுக்குப் போனேன். எத்தனையோ மாதமாக என் தாடியைப் பார்த்து வந்த சலூன்காரர், துண்டை விலக்கிவிட்டுச் சிரித்தார்.

"பாதியிலயே ஓடியாந்துட்டீங்களா? அத்தன சந்தோசமுங்களா? பையனா, பொண்ணுங்களா?"

"பொண்ணுங்க."

"மகாலச்சுமி. யாரு சாயலுங்க?"

"தாடை என்னோடதுங்க."

அவர் கட்டைவிரலால் என் தாடையைத் தொட்டுப் பார்த்தார். "அப்ப அழகிதான்," என்று சொல்லி, முகத்தை மறுபக்கம் திருப்பினார். மீதிப் பாதியை அவர் வழித்து முடிக்கும்வரை நான் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.