என் மகன் துரைக்குக் கற்றுக்கொடுத்த சொல்

தங்கவயலுக்கு மின்சாரம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ஒரு மார்கழி மாலையில், சுரங்கக் குடியிருப்பு வரிசையிலிருந்த எங்கள் லைன் வீட்டில் இது நடந்தது. விஷக்காய்ச்சலில் போன என் ஒரே மகனை அடக்கம் செய்து சில நாள்களே ஆகியிருந்தன.

நான் ஆங்கில ஆசிரியன். ‘லுக்’ என்றால் பார், ‘ஆஃப்டர்’ என்றால் பிறகு. இரண்டும் சேர்ந்தால் பேணுதல் என்று வகுப்பில் விளக்குவேன். ஆனால் எழுதும்போது ‘ப்ரொடெக்ட்’ என்ற ஒற்றைச் சொல்லையே எழுதச் சொல்வேன்; அதுவே எனக்குக் கண்ணியமாகப் பட்டது. மகன் சிரிப்பான்.

“கேப்டன் அப்படிப் பேசறதில்லப்பா. ப்ரொடெக்ட்னா போலீஸ்காரன் வேலையாம். கொழந்தைக்கு, நோயாளிக்கு, வெளக்குக்கு, எல்லாத்துக்கும் லுக் ஆஃப்டர்தானாம்.”

கேப்டன், சுரங்கத்தை மேற்பார்வையிடும் வெள்ளைக்காரர். என் மகன் அவர் பேச்சைத் தமிழாக்கும் துபாஷியாக ஷிஃப்டுதோறும் கீழே இறங்கினான். வீட்டில் வாய் திறந்தால் அவர் பேச்சுதான். நான் வருடக்கணக்கில் ஊட்டிய ஆங்கிலத்தை இன்னொருவர் சில மாதங்களில் தமதாக்கிக்கொண்டாரே என்று உள்ளூரப் புழுங்கினேன், காட்டிக்கொண்டதில்லை.

அந்த மார்கழி மாலையில் அவர் தனியாக வந்தார்.

“இன்னா மாஸ்டரே, உக்காரலாமா?”

அச்சு அசலாக எங்கள் லைன் தமிழ். இழுவைகூட என் மகனுடையது. அவன் இவருக்கு ஆசிரியனாக இருந்திருக்கிறான். அது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

ஒருமுறை கீழே வெடிப்புகை சூழ்ந்து அவர் மயங்கி விழுந்தாராம். மற்றவர்கள் ஏணிக்கு ஓட, இவன் மட்டும் நனைத்த துணியை அவர் முகத்தில் வைத்து, புகை அடங்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தானாம்.

“ஹி லுக்ட் ஆஃப்டர் மீ,” என்றவர், தமிழைத் தேடிப் பிடித்து, “நல்லா பாத்துக்கினான்” என்றார்.

இதை அவன் என்னிடம் சொன்னதேயில்லை.

பிறகு, மகன் சுரங்கத்தில் அணிந்த தொப்பியைக் கேட்டார். வெளிச்சத்துக்காக மெழுகுவர்த்தி ஒட்டிய களிமண் இன்னும் உதிராத கம்பளித் தொப்பி. அவன் வியர்வை மணம் மிஞ்சியிருந்தது அதில் மட்டுமே. தர இயலாது என்று சொல்ல வாயெடுத்தேன்.

உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்: “புள்ள போனப்புறமும் தொரைகூட இன்னாங்க போட்டி? அந்த மனுசன் அழுதுகினு நிக்கறாரு, பாருங்க.”

இத்தனை நாள் மறைத்ததாக நான்தான் நினைத்திருந்தேன்.

தொப்பியை எடுத்து நீட்டினேன். ஆனால் பிடியை விடவில்லை. வகுப்புக்கு வெளியே முதன்முறையாக அந்த வினையைச் சொன்னேன்: “லுக் ஆஃப்டர் இட்.”

“பாத்துக்கறேம்ப்பா,” என்றார். மாஸ்டரே என்று சொல்லவில்லை, மகனைப் போல அழைத்தார்.

பொறாமை அன்றோடு அகன்றது என்று எழுத மாட்டேன். ஆனால் அந்த வினையை வகுப்பில் நடத்தும் ஒவ்வொரு முறையும், நான் அறியாத என் மகனை ஒருவர் பத்திரமாக வைத்திருக்கிறார் என்ற எண்ணமே என்னை அடுத்த வரிக்குக் கொண்டுசேர்க்கிறது.