நிற்காமல் போன பேருந்து

கிளெனிஸ் பர்செல் பர்னி ஊரில் முடி வெட்டுகிறவள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், வடகரையில், துறைமுகத்திலிருந்து மேலேறும் சரிவில் அவள் வீடு. ஒரு காலத்தில் கடைத்தெருவில் இரண்டு நாற்காலி போட்டுச் சொந்தக் கடை நடத்தினாள். மகன் டார்சிக்குப் பதினெட்டு வயதாகிப் பள்ளி முடிந்த வருஷம் கடையைக் கைமாற்றிவிட்டு, ஒரே ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து கார் கொட்டகையில் போட்டுக்கொண்டாள். அவனைத் தனியே விட்டுவிட்டு அவளால் எங்கும் நகர முடியவில்லை.

டார்சிக்கு ஆட்டிசம். பேச்சு கிடையாது. ஆறடிக்கு மேல் உயரம், கதவை அடைக்கிற தோள். பள்ளிக்குப் போன காலத்தில் சிரித்த முகமாக இருந்த பிள்ளை. பள்ளி முடிந்த பிறகு, காலையில் எழுந்து காலணி மாட்டி முன்னறை ஜன்னலில் போய் நிற்பான். கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்துவிடும். தன் காதில் தானே குத்திக்கொள்வான். தடுக்கப் போனால் அவளுக்கும் விழும். கண்ணாடியை மாற்றி மாற்றி அலுத்து, ஜன்னலுக்கு உடையாத பிளாஸ்டிக் போட்டாள். மத்தியானம் வரை வீடு அதிரும்.

தலைக்குச் சாயம் பூசிக்கொள்ள வரும் நோரீனுக்கு வாய் சும்மா இருக்காது. "எங்கப்பாவா இருந்தா பெல்ட்டைக் கழட்டியிருப்பாரு" என்றாள் ஒரு நாள், உள்ளே தொம்மென்று சத்தம் கேட்டதும்.

"உங்கப்பா கழட்டி நீ என்ன திருந்திட்டியா? பேசாம தலையைக் குனி."

நோரீன் தலையைக் குனிந்துகொண்டாள். கிளெனிஸின் முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்த தடம் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வரும்போதெல்லாம் டார்சிக்கு ஒரு பை ஆப்பிள் கொண்டுவர ஆரம்பித்தாள்.

பணத்துக்குக் குறைவில்லை. அரசாங்கம் ஒதுக்கியது அப்படியே கிடந்தது. அவனைப் பார்த்துச் சிகிச்சை தர ஆள்தான் இல்லை. கிளெனிஸ் போன் போட்டுப் போட்டு ஓய்ந்தாள்.

"குழந்தைக்கு என்ன வயசுங்க?"

"இருபத்திரண்டு."

"நாங்க சின்னப் பிள்ளைங்களை மட்டும்தான் பாக்கறோம்."

"ஏன், மீசை முளைச்சா ஆட்டிசம் ஓடிப்போயிருதா?"

தப்பித்தவறி வந்தவர்களும் உண்டு. ஒருத்தி, நல்லபடியாக நடந்தால் ஒட்டிக்கொடுக்கச் சொல்லி நட்சத்திர ஸ்டிக்கர் கொண்டுவந்தாள். டார்சி அதை ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுவிட்டான். மெல்போர்னிலிருந்து கணினித் திரையிலேயே பார்த்த ஒருவர், எல்லாக் கதவுக்கும் பூட்டுப் போடச் சொன்னார். மருத்துவர் மாத்திரையைக் கூட்டினார். அடி நின்றது. கூடவே சிரிப்பும் நின்றது. வாயோரம் எச்சில் ஒழுக நாள் முழுக்கத் தூங்கும் மகனைப் பார்க்கச் சகிக்காமல், அவள் திரும்பப் போய் நின்று மருந்தைக் குறைக்கச் சொன்னாள்.

ஒரு முறை சூப்பர் மார்க்கெட்டில் டார்சி தரையில் விழுந்து காதைக் குத்திக்கொள்ளத் தொடங்கினான். சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. ஒரு பெண்மணி தன் தள்ளுவண்டியைக் குறுக்கே நிறுத்தி மறைத்துவிட்டு, கிளெனிஸ் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒண்ணு வீட்டுல இருக்கு. முப்பது வயசு" என்றாள். "லான்செஸ்டன்ல சேலா டூபூன்னு ஒருத்தி இருக்கா. நடத்தை சிகிச்சைதான் படிச்சிருக்கா, பெரியவங்களை மட்டும்தான் பாக்கறா. வரிசை நீளம். ஆனா காத்திருங்க."

குளிர்காலம் முழுவதும் காத்திருந்தாள். வசந்தத்தில் சேலா வந்தாள். பசிபிக் தீவான டோங்காவின் வம்சம், நல்ல வாட்டசாட்டம், சிரித்தால் கொட்டகைத் தகரம் அதிரும். வந்தவள் முதலில் கேட்டது, "டார்சிக்கு என்ன பிடிக்கும்?"

கிளெனிஸ் திகைத்துப்போனாள். இத்தனை வருஷத்தில் அவன் என்ன உடைத்தான், யாரை அடித்தான் என்றுதான் எல்லாரும் கேட்டிருந்தார்கள்.

அதன் பிறகு சேலா செய்ததைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. வருவாள், முன்னறைத் தரையில் உட்காருவாள், மாண்டரின் பழத்தை உரித்துத் தின்பாள். டார்சி பக்கம் திரும்பக்கூட மாட்டாள். அவன் ஒரு சுளையை எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்வான். அவ்வளவுதான்.

"ஏம்மா, பழம் திங்கவா இவ்வளவு தூரம் வர்றே?" என்று ஒரு நாள் கொட்டகையில் வைத்துக் கேட்டேவிட்டாள்.

சேலாவுக்குக் கோபம் வரவில்லை. "சனி ஞாயிறுல எப்படி இருப்பான்?"

"நல்லாத்தான் இருப்பான். அன்னிக்கு நான் கூடவே இருக்கேன்ல, அதான்."

"ஜனவரியில?"

"தங்கம். வெயிலு அவனுக்கு ஒத்துக்கும்."

"ஈஸ்டர் சமயத்துல? ஜூலைக் குளிர்ல, ரெண்டு வாரம்?"

கிளெனிஸ் யோசித்தாள். அந்த நாட்களும் அமைதியான நாட்கள்தான். ஏனென்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"எல்லாம் ஸ்கூல் லீவு" என்றாள் சேலா. "அவன் காலையில ஜன்னல்ல நிக்கறப்போ நானும் நாலஞ்சு தடவை பாத்துட்டேன். மேலேர்ந்து ஒரு வெள்ளை பஸ் வருது. வர்ற வரைக்கும் கை ரெண்டும் சும்மா இருக்கு. அது நம்ம வாசலைத் தாண்டினப்புறம்தான் அடிக்கறான். கிளெனிஸ், அது எந்த பஸ்?"

அவன் போய்வந்த பள்ளியின் பஸ்தான் அது. பதின்மூன்று வருஷம் வாசலில் நின்று அவனை ஏற்றிக்கொண்டு போன பஸ்.

"ஸ்கூல் முடிஞ்சுபோச்சுன்னு அவன்கிட்ட யாராவது சொன்னாங்களா? அவனுக்குப் புரியற மாதிரி?"

கடைசி நாளில் கேக் வெட்டினார்கள். கைதட்டினார்கள். விடுமுறை வந்தது. விடுமுறை முடிந்ததும் பஸ் வந்தது. நிற்காமல் போனது.

கிளெனிஸ் சலூன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நாலு வருஷம். ஒவ்வொரு காலையும் எழுந்து, காலணி மாட்டி, இன்றைக்கு நிற்கும் என்று ஜன்னலில் நின்றிருக்கிறான். நேரம் காலம் எதுவும் தெரியாத பிள்ளை என்றல்லவா அவனை நினைத்திருந்தாள்!

"இது என் ஊகம்தான். தப்பாவும் இருக்கலாம்" என்றாள் சேலா. "சோதிச்சுப் பாப்போம்."

இரண்டு வாரம் பஸ் வருவதற்கு முன்பே அவனைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்கள். ஒரு நாள் தவிர அடியே இல்லை. அந்த ஒரு நாள், திரும்பும் வழியில் எதிரே பஸ் வந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு ஊகத்தில் சந்தேகம் இருக்கவில்லை.

சேலா பள்ளிக்கும் பஸ் ஓட்டுநரிடமும் நடையாய் நடந்தாள். வீட்டில் பழைய புகைப்படங்களைச் சுவரில் வரிசையாக ஒட்டினாள். ஐந்து வயது டார்சி, பத்து வயது டார்சி, கேக் முன்னால் டார்சி. கடைசிப் படத்துக்கு அப்புறம் வெறும் சுவர். தினமும் அவனோடு அந்த வரிசையில் நடப்பாள். கடைசியில் வெறும் சுவரில் உள்ளங்கையை வைத்து, "முடிஞ்சது" என்பாள்.

டிசம்பர் விடுமுறையில் ஒரு காலை, அந்த வெள்ளை பஸ் காலியாக வந்து அவர்கள் வாசலில் நின்றது.

டார்சி படியில் காலை வைத்தவன் அப்படியே நின்றான். பிறகு ஏறி, இடப்பக்கம் மூன்றாவது இருக்கையில் போய் உட்கார்ந்தான். சேலாவோடு பின்னாலேயே ஏறிய கிளெனிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இருந்தது.

பள்ளி வெறிச்சோடிக் கிடந்தது. அவனை யாரும் கைப்பிடித்து நடத்தவில்லை. தன் பை மாட்டும் கொக்கியைத் தடவிப் பார்த்தான். அதில் வேறு யாரோ ஒரு பிள்ளையின் பெயர் இருந்தது. நெடுநேரம் அதைப் பார்த்தபடி நின்றான். கை காதுக்குப் போகவில்லை. அடுத்த அறைக்குப் போனான். உட்கார்ந்தான், எழுந்தான், வெளியே வந்து கதவைச் சாத்தினான். யாரும் அவனிடம் சாத்தச் சொல்லவில்லை. அதற்கடுத்த அறை, சமையல் அறை, ஓவிய அறை என்று நடைவழி முழுக்க ஒவ்வொரு கதவையும், தூங்குகிற குழந்தையை எழுப்பாமல் சாத்துவதுபோல மெல்லச் சாத்திக்கொண்டே வந்தான்.

கிளெனிஸ் சேலாவின் கையைப் பிடித்தாள். "இதுவும் நீ சொல்லிக்குடுத்ததா?"

"இல்ல" என்றாள் சேலா. "நான் சுவரோட நிறுத்திட்டேன். இது அவனே செய்யறது."

பஸ் அவர்களைத் திரும்ப வீட்டில் இறக்கிவிட்டது. டார்சி நடைபாதையில் நின்று, பிள்ளைகள் ஏறியதும் உதவியாள் தட்டுவாரே, அதேபோல பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினான். பஸ் கிளம்பிப் போயிற்று. திருப்பம் வரை பார்த்திருந்துவிட்டு அவன் வீட்டுக்குள் போனான். கிளெனிஸுக்குத் தன் வயிற்றில் பிறந்தவனை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்ததுபோல இருந்தது.

பிப்ரவரியில் பள்ளி திறந்தது. பஸ் வந்தது, போனது. டார்சி நிமிர்ந்து பார்த்துவிட்டு ரொட்டியைத் தின்றான்.

எல்லாம் மந்திரம் போட்டதுபோல மாறிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். மார்ச்சில் சாலையைத் தோண்டிய சத்தத்தில் ஒரு வாரம் வீடு ரெண்டுபட்டது. வேண்டாம் என்பதை அடிக்காமல் சொல்வதற்கு ஒரு அட்டையை நீட்டப் பழக்க, சேலாவுக்கு அந்த வருஷம் முழுக்கப் பிடித்தது. அவள் பழக்கிவிட்ட இரண்டு உதவியாளர்கள் வாரநாட்களில் டார்சியை ஒரு நாற்றுப் பண்ணைக்குக் கூட்டிப்போகிறார்கள். தொட்டிகளில் மண் நிரப்புகிறான். அளவு பிசகாது என்று பண்ணைக்காரர் சொல்கிறார்.

நோரீன் ஒரு நாள் சாயத் தலையோடு முன்னறைக்குப் போய் அந்தப் படவரிசையைப் பார்த்தாள். வெறும் சுவர் இருந்த இடத்தில் இப்போது நாற்றுப் பண்ணையில் எடுத்த படம் ஒன்று இருந்தது.

"நாலு வருஷமா ஜன்னல்ல நின்னான், கிளெனிஸ்? நானா இருந்தா ரெண்டாம் நாளே அந்த பஸ் மேல கல்லை விட்டிருப்பேன்."

"நீ விட்டிருப்பே" என்றாள் கிளெனிஸ். "வா, சாயம் கழுத்துல வழியுது."