அக்காவின் கரகரப்பு

தோர்ண்டன் ஹீத்தில் இருந்த எங்கள் வீட்டில் கொத்தமல்லியும் இஞ்சியும் கொதிக்கிற வாசனை எழுந்தால், யாருக்கோ தொண்டை கட்டிவிட்டது என்றும், அன்றைக்குப் பாட்டு இரட்டிப்பாகும் என்றும் அர்த்தம். அப்பா சங்கீத வாத்தியார், அம்மா வயலின், நான் மிருதங்கம் என்ற பெயரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தவள். பாட்டு என்றால் அக்காதான். சளி, தடிமன் வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் நிற்கலாம், சுருதிப்பெட்டிக்கு முன்னால் உட்காராமல் தப்ப முடியாது. "அடைச்ச தொண்டையைப் பாடித்தான் திறக்க வேணும், பிள்ளை" என்பார் அப்பா. "மல்லித்தண்ணி"யைக் குடித்துவிட்டு அக்கா அழுதுகொண்டே பாடுவாள். குரல் உண்மையாகவே திறந்துவிடும் என்பதுதான் பெரிய கேடு.

பள்ளித் தோழியோடு அவளுடைய தேவாலயத்துக்குப் போய்ப் பாடத் தொடங்கிய அக்கா, படிப்பு முடிந்ததும் அந்தத் தேவாலயப் பாட்டிலிருந்து பிறந்த சோல் இசையோடு போய்விட்டாள். அப்பா அவளோடு பேசுவதை நிறுத்தினார். பப் என்கிற மதுக்கடைகளில் பாடியவள் பெரிய மேடைகளுக்கு வந்தாள். ஒரு குளிர்காலத்தில் கட்டிய தொண்டை பிறகு விடவேயில்லை. அந்தக் கரகரப்பைத்தான் சனம் கொண்டாடியது. உயிரையே பிழிந்து பாடுகிறாள் என்றார்கள்.

எனக்குப் பதின்மூன்று வயதில், அம்மாவுக்குக்கூடச் சொல்லாமல், அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அவளுடைய பாட்டைக் கேட்கப் போனார். முடிந்ததும் நேரே மேடைக்குப் பின்னால் போய், வருடக்கணக்கான மௌனத்தை உடைத்தார்.

"பிள்ளை, இது பாட்டில்லை, புண். நாளைக்கே டொக்டரிட்டைப் போ."

அக்காவின் முகம் இறுகிப்போனது. கையில் இருந்த பிளாஸ்கிலிருந்து மல்லித்தண்ணி மணத்தது.

"என்ர பாட்டு உங்களுக்கு எப்பவும் புண்தானே, அப்பா. அடைச்ச தொண்டையைப் பாடித்தான் திறக்க வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

 அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தார்.

ஒப்புக்கொண்ட கச்சேரிகளை எல்லாம் பாடி முடித்த பிறகுதான் அக்கா டாக்டரிடம் போனாள். அதற்குள் தொண்டையில் புற்றுநோய் பரவியிருந்தது. குரல்வளையை எடுத்தார்கள், கடைசி மாதங்களில் எங்களோடு கையசைவால் பேசினாள். அப்படியே போய்விட்டாள்.

இப்போது அம்மா அடுப்பில் மல்லி வைப்பதில்லை. வகுப்பில் ஒரு குழந்தை இருமினால் அப்பா சுருதிப்பெட்டியை மூடிவிட்டு, "வீட்டை போய்ப் படு, பிள்ளை" என்கிறார். அக்காவின் பாட்டுகள் என் போனில் இருக்கின்றன, எல்லாவற்றிலும் அதே கரகரப்பு. அதற்கு முந்திய குரலை, நான் தூங்கும்போதும் எழும்போதும் கேட்ட அந்தத் தெளிந்த குரலை, எங்களில் ஒருவரும் பதிந்து வைக்கவில்லை. தினமும் வீட்டில் கேட்கிறதுதானே என்று இருந்துவிட்டோம்.