'போங்க' என்றால் வை

எனக்கு ஸ்பானிஷ் வந்தது பாட்டு வழியாகத்தான். ஆரோவில்லில் ஒரு மழலையர் பள்ளியில் பல வருடம் உதவிக்கு இருந்தேன். அங்கே கொலம்பியா நாட்டு டீச்சர் ஒருவர் வாண்டுகளைக்கூட மரியாதை கொடுத்துத்தான் கூப்பிடுவார். அவருடைய பாட்டு, மரியாதை, பிடிவாதம் மூன்றும் எனக்கு ஒட்டிக்கொண்டன.

இப்போது சனிக்கிழமைகளில் மரக்காணத்தில், மாதா கோயில் ஹாலில், சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித்தருகிறேன். "இங்கிலீஷே ஏறல, இது வேறயா?" என்று ஊரில் கேலி. வெயிலில் அலையாமல் இருக்கட்டும் என்று பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள். வகுப்பில் தமிழ் ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

ஒரு சனிக்கிழமை, உப்பளத்தில் வேலை செய்பவரின் ஆறு வயது மகள் புதிதாக வந்தாள். பாட்டு நடந்துகொண்டிருந்தது. நான் ஒவ்வொருவராகக் கைகாட்டி 'போங்க லா மானோ' என்று பாடினால், அந்தப் பிள்ளை மேசைமேல் கையை வைக்க வேண்டும். அவள் முறை வந்தது. சிரித்துக்கொண்டே அவளைக் காட்டிப் பாடினேன். அவள் எழுந்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். பாத்ரூமுக்கு என்று நினைத்தேன். அன்றும் திரும்பவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை.

மனசு கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே உப்பளத்துக்குப் போனேன். அவள் அம்மா உப்பு வாரிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் இல்லாததால் அவளும் குவியல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்கதான் போவ சொன்னீங்களாம் மிஸ்," என்றார் அம்மா.

"நானா? நான் எங்கம்மா சொன்னேன்?"

"போங்க, போங்கன்னு பாட்டாவே பாடினீங்களாம். அதுவும் மரியாதையா. எனக்குக் கோவம் வந்தாதாங்க இவள போங்கம்பேன். நீங்களும் கோவமா இருக்கீங்கன்னு நெனச்சிக்கிச்சு."

சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே வெட்கமாகிவிட்டது. ஒரு குழந்தையை ராகம் போட்டு வெளியே துரத்தியிருக்கிறேன்.

அவள் பக்கத்தில் குந்தினேன். உப்பின்மேல் என் கையை வைத்து மெல்லப் பாடிக்காட்டினேன். அவள் அசையவில்லை. என் திமிர் அங்கேயே கரைந்துபோனது.

"அந்த பாஷைல போங்கன்னா வைங்கன்னு அர்த்தம் கண்ணு. மானோன்னா கை. உன்ன நான் போவ சொல்லல. உன்ன எனக்குப் பிடிச்சிருக்கு."

என் பக்கம் திரும்பினாள். "அப்ப வாங்கன்னா என்னா மிஸ்?"

"வெங்க."

"அத ஏன் பாட்டுல வெக்கல?"

அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள். அன்றிலிருந்து பாட்டு 'வெங்க, வெங்க' என்றுதான் ஆரம்பிக்கிறது. வாசலில் நின்று ஒவ்வொருவரையும் பாடி அழைத்த பிறகுதான் மேசை, கை எல்லாம்.

போன வாரம் வகுப்பு முடிந்து பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மற்றவர்கள் வழக்கம்போல் டாட்டா காட்டினார்கள். அவள் மட்டும் கேட் வரைக்கும் ஓடிவந்தாள்.

"போங்க, வெங்க, மிஸ்."

ஸ்பானிஷில் அது 'வைங்க, வாங்க' என்றாகிவிடும். நான் திருத்தவில்லை. "வர்றேன் கண்ணு," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.