'அறுவடை' என்று சொல்ல மறுத்தவர்

புனிதா அக்கா காலமான செய்தி சனிக்கிழமை காலை வந்தது. அவருடைய கணவர் சிவனேசன் அண்ணாதான் அழைத்தார். அக்கா சில மாதங்களாக நோயோடு இருந்தவர் என்பதால் எதிர்பாராத செய்தி அல்ல. ஆனாலும் மனது ஒப்பவில்லை. பேசி முடிக்கும்போது அண்ணா ஒன்று கேட்டார்.

"தம்பி, நாளைக்கு ரேடியோவில நீங்கள்தானே மரண அறிவித்தல் வாசிக்கிறது? முதலை கொல்லுற கதையொண்டும் வேண்டாம். விலங்குகளில அன்பு வைச்சவ எண்டு மட்டும் சொல்லுங்கோ. கோயில் ஆக்களும் செத்தவீட்டுக்கு வருவினம்."

"சரிண்ணா" என்றேன். வேறென்ன சொல்வது? ஆனால் சொன்ன வார்த்தை அன்று முழுவதும் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து மெல்பனில் வாழ்ந்த புனிதா அக்கா ஒரு விலங்கியலாளர். ஆஸ்திரேலியாவின் வடக்கே ஆறுகளிலும் சதுப்பு நிலங்களிலும் முதலைகளைக் கணக்கெடுத்து, அரசு அனுமதியின் கீழ் எத்தனை முட்டைகளை எடுக்கலாம், எத்தனை முதலைகளைக் கொல்லலாம் என்று பரிந்துரைப்பது அவர் வேலை. மெல்பனின் மல்கிரேவ் பகுதியில் எங்கள் அலுவலகத்தில் நான் கணினிப் பக்கம், அவர் முதலைப் பக்கம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நாள் தோளில் பையோடு என் மேசையருகே வந்தார். "டார்வினுக்குப் போறன், முதலை வேலை. போட்டு வாறன்."

நான் மதுரைக்காரன். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் 'போடுவது' என்றால் தீர்த்துக்கட்டுவது. "எத்தனை போடுவீங்கக்கா?" என்று உண்மையாகவே கேட்டுவிட்டேன். அவருக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"போயிட்டு வாறன் எண்டு சொன்னனான், தம்பி. ஆனா நீங்கள் நினைச்சதும் முழுப்பிழை இல்லை."

அதன் பின் அவர் கிளம்பும்போதெல்லாம் அதே கேள்வியைக் கேட்பேன். "பாப்பம்" என்பார்.

வார இறுதியில் நான் தொண்டு செய்யும் தமிழ் வானொலிக்கு அவரை ஒருமுறை அழைத்துப் போனேன். அவர் துறையில் புழங்கும் 'ஹார்வெஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழாக்கி, 'முதலை அறுவடை' பற்றிப் பேசப்போகிறார் என்று அறிமுகம் செய்தேன். உடனே பொயிண்ட் குக்கிலிருந்து தங்கராஜ் அங்கிளின் அழைப்பு. வாராவாரம் ஏதாவது குறை கண்டுபிடித்து அழைக்கும் நேயர்.

"அறுவடைங்கறீங்க. விதைச்சது யாரு?"

நான் சமாளிக்க வாயெடுத்தேன். அக்கா கைகாட்டி நிறுத்தினார்.

"ஒருத்தரும் விதைக்கேல்லை, அங்கிள். நீங்கள் கேட்டது சரி, அது பிழையான சொல்லு. கொல்லுறது எண்டே சொல்லுவம். அப்பத்தான் ஏன் எண்டு கேப்பியள். நானும் பதில் சொல்லோணும்."

பதிலும் சொன்னார். முன்பு கட்டுப்பாடில்லாமல் தோலுக்காகச் சுட்டதில் வடக்கே முதலைகள் ஏறக்குறைய அற்றுப்போயின. வேட்டையைத் தடைசெய்ததும் பெருகின. முதலைகளிடம் மாடுகளை இழந்த ஆற்றங்கரை மக்களுக்கு அவற்றின் மேல் வெறுப்புத்தான் மிஞ்சியது. முட்டை எடுக்க அனுமதி வந்து, அதில் நிலத்துக்குரிய ஆதிக்குடிகளுக்கும் வருமானம் கிடைத்தபோது, கூடுகள் இருக்கும் சதுப்பு நிலத்தைக் காப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. "எல்லைக்குள்ள எடுத்தா முதலைக்கும் நட்டமில்லை. எல்லை எது எண்டு சொல்லுறது நான். பிழைச்சா அது என்ர பிழை" என்றார்.

அதை அவர் வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. பிறகு ஓர் ஆண்டு ஓர் ஆற்றில் எண்ணிக்கை குறைந்தபோது, அங்கே ஒன்றையும் தொடக்கூடாது என்று எழுதினார். அந்த முட்டைகளை வாங்கும், வழக்கமாக அவரைப் பாராட்டும் முதலைப் பண்ணைக்காரர்கள் அந்த ஆண்டு அவரைத் திட்டித் தீர்த்தார்கள்.

வானொலியில் பேசிய பிறகு கோயிலில் சிலர் அவரைவிட்டு ஒதுங்கினார்கள். அன்னதானத்துக்குப் பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்தவரிடம் ஓர் ஆன்ட்டி, "முதலை வெட்டின கையோ இது?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி. கழுவிப்போட்டுத்தான் வந்தனான்" என்று சொல்லிவிட்டு அக்கா நறுக்கிக்கொண்டே இருந்தார். அன்று வீட்டுக்கு வந்து அழுதார் என்று அண்ணா பின்னால் சொன்னார். அடுத்த வாரமும் பூசணிக்காய் நறுக்கப் போனார்.

ஞாயிறு காலை, நான் நிலையத்துக்குக் கிளம்பும்போது அண்ணா மறுபடியும் அழைத்தார்.

"இரவிரவா யோசிச்சனான். அவ இருந்தா எனக்கு நல்ல ஏச்சு விழுந்திருக்கும். உள்ளதைச் சொல்லுங்கோ, தம்பி."

உள்ளதைச் சொன்னேன். "முதலைகளை எண்ணியவர். எத்தனையைக் கொல்லலாம், எப்போது கொல்லவே கூடாது என்று சொன்னவர். முதலைகள் அழியாமல் இருக்கவே அந்த வேலையைச் செய்தவர்." வாசித்து முடித்ததும் தங்கராஜ் அங்கிள் அழைத்தார். இந்த முறை குறை சொல்லவில்லை.

"அன்னைக்கு யாரும் விதைக்கலன்னு அந்தம்மா சொன்னாங்க. நானும் சரின்னு விட்டுட்டேன். யோசிச்சுப் பாத்தா, அவங்கதான் விதைச்சிருக்காங்க தம்பி" என்றார்.

நேற்று அக்காவை வழியனுப்பினோம். பூசணிக்காய் ஆன்ட்டி வாசலில் நின்று, வருபவர்களுக்குப் பூத்தட்டை நீட்டிக்கொண்டிருந்தார். நானும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு பெட்டியருகே போனேன். பழக்கதோஷத்தில் அந்தக் கேள்விதான் வாய்வரை வந்தது. அதைக் கேட்டால் "பாப்பம்" என்று சொல்ல அவர் இல்லை. அவருடைய ஊர்ப் பேச்சிலேயே விடைகொடுத்தேன்.

"போட்டு வாங்கோ, அக்கா."