முந்திச் சொன்ன நன்றி

லூர்துசாமி எதையும் முந்திச் செய்கிற ஆள். ஒயர்மேனாக இருந்து ஓய்வு பெறும்வரை வேலைக்கு ஒருநாள்கூட லேட்டாகப் போனதில்லை. ஏழு மணி ரயிலுக்கு ஆறு மணிக்கே திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொள்வார். அந்த அவசரக்குடுக்கைத்தனம் போன வாரம் மாதா கோயில்வரைக்கும் போய்விட்டது. மகள் வெண்மதிக்குப் பன்னிரண்டாம் தேதி பிரசவம் என்று டாக்டர் சொன்னதும், ஆகஸ்ட் பதினைந்து மாதா திருநாள் பூசையில் ஃபாதர் படிப்பதற்கு முன்கூட்டியே கருத்து எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்: தாயும் பிள்ளையும் நலமாக இருப்பதற்கு நன்றி.

பதினைந்தும் வந்துவிட்டது, பிள்ளை வரவில்லை. விடிந்ததும் சிதம்பரம் ஆஸ்பத்திரியிலிருந்து மனைவி ரேகா போனில் கத்தினாள்.

"பிரஷர் ஜாஸ்தியாயிடுச்சாம், ஆபரேஷனுக்குக் கூட்டிகினு போயிட்டாங்க. நீங்க இங்க வந்து என்னா பண்ணப்போறீங்க? மொதல்ல ஓடிப்போயி அத படிக்கவேணாம்னு ஃபாதர்கிட்ட சொல்லுங்க. பொறக்காத புள்ளைக்கு நன்றியாம்!"

வண்டியை விரட்டினார். செம்மண்டலத்தில் பள்ளிப் பிள்ளைகளின் சுதந்திர தின ஊர்வலம் கொடிகளோடு ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் லேட். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மைக்கில் ஃபாதர் குரல் கேட்டது: "வெண்மதிக்கும் குழந்தைக்கும் நல்ல சுகம் தந்ததற்காக, லூர்துசாமி குடும்பத்தார் செலுத்தும் நன்றி..." இப்படியா ஒரு மனுஷன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வான்?

பூசை முடிந்தும் கிளம்ப முடியவில்லை. கோயில் வாசலில் தேசியக்கொடி ஏற்றுவார்கள், கொடிக்கயிறு வருஷா வருஷம் அவர் பொறுப்பு. பூ வைத்து மடித்த கொடியைக் கயிற்றில் கட்டினார். பக்கத்து வீட்டு அமலோற்பவம் சிரித்த முகமாக வந்தாள்.

"பேரனா பேத்தியா மாமா?"

"கொடி ஏத்திட்டுச் சொல்றம்மா."

கொடி விரிந்து பூ உதிர்ந்தது. தேசிய கீதம் தொடங்கியதும் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அவர் விறைத்து நின்றார். அதிர்வு அடங்கி, மறுபடி அதிர்ந்தது. நல்ல சேதிக்கு எதற்கு இரண்டு தடவை கூப்பிடுகிறாள்? மாதாவே, சொன்ன நன்றி சொன்னதுதான், திருப்பி வாங்கமாட்டேன். என் பொண்ணக் குடுத்துடு.

கீதம் முடிந்ததும் போனைக் காதில் வைத்தார். ரேகா அழுதுகொண்டிருந்தாள். அதற்குப் பின்னால் இன்னொரு அழுகை, சின்னதாக, கோபமாக.

"வெண்மதி?" என்றார்.

"பேசறா, நல்லா பேசறா! பொண்ணு பொறந்திருக்கு. அப்பா எங்கன்னு கேக்கறா."

கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு, மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்த அமலோற்பவத்திடம் போனார்.

"பேத்திம்மா! இப்பதான் பொறந்தா."

"இப்பவா? அப்ப பூசையில படிச்சது?"

"அது நான் முந்திக் குடுத்த வார்த்தை," என்றார் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே. "மாதா காப்பாத்திட்டாங்க."